வாயால சொல்லுங்க

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "என் பேர நான் சொல்லிக்கறேன். நீ இன்னாத்துக்குக்கா சொல்லணும்?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. பேசினால் "இன்னாத்துக்குன்னு சொல்லு" என்பாள். நானும் காரணத்தைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டும்.

எப்போதும் இப்படித்தான். யாராவது மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைப் பேசினால் அவளுக்கு ஆகாது. கத்த மாட்டாள். கையை நீட்ட மாட்டாள். வடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில், "அத வாயால சொல்லுங்க" என்பாள். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அட, அந்தக் காத்திருப்பு இருக்கிறதே! அதைத் தாங்கிய ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை. கல்யாணமாகி மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, கல்யாண மண்டபங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தொழிலாக்கிக்கொண்டேன். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம், கல்கண்டு கொடுக்க ஆறு பேர். பந்தி பரிமாறப் பத்துப் பேர். பின்னால் பாத்திரம் கழுவ நாலு பேர். எல்லாரும் பெண்கள். ஒரு போன் போட்டால் போதும், புடவை கட்டி, பூ வைத்து, வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். அவள் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து அந்த நாலு பேரில் ஒருத்தியாக என்னிடம் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் நின்றவர்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள். இப்போது குள்ளஞ்சாவடியில் அவளே ஆள் அனுப்புகிறாள், எனக்கே போட்டி. அது கிடக்கட்டும்.

முதலில் பஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நானும் அவளும் வடலூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒரு அம்மா தனியாக இருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார், புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார், எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

"ஏம்மா எழுந்துகினீங்க?"

"வெயில் அடிக்குதும்மா."

"மேகம் மூடிகினு இல்ல இருக்குது? வேற இன்னாவோ இருக்குது. வாயால சொல்லுங்கம்மா, நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன்."

நிஜமாகவே கோபித்துக்கொள்கிற முகம் இல்லை அது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். அந்த அம்மா பக்கத்து வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பஸ் முழுக்க ஒரு பதிலுக்காகக் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மா மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், வடலூர் வரும்வரை தன் மருமகளைப் பற்றி இவளிடம் ஒரே புலம்பல். இறங்கும்போது இவள் கையைப் பிடித்து "வர்றேன் கண்ணு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் அந்த பஸ்ஸின் ஜன்னல் படம். கீழே ஒரே வரி: "இன்னிக்கு ஒரு அம்மா வெயில்னு சொன்னாங்க. மேகமூட்டம்."

தினமும் அப்படி ஏதாவது போடுவாள். காலை ஐந்து மணிக்கு முதல் படம், அவளுடைய முகம். கழுவின ஈரம் காயாத முகம், எண்ணெய் வைத்த தலை. நல்ல கருப்பு. பவுடர் கிடையாது, போனில் முகத்தை வெளுப்பாக்குகிற வித்தை எதுவும் கிடையாது. அடுத்தது அன்றைய குழம்பு. அப்புறம் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கழுவிக்கொண்டிருக்கும் யாராவது ஒருத்தியின் முதுகு, மழை வந்தால் மழை, கோழி முட்டையிட்டால் முட்டை. நடுவில் அன்றைக்கு யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று ஒரு வரி. எனக்கு நூறு வேலை இருந்தாலும் அவளுடைய ஸ்டேட்டஸைப் பார்க்காமல் இருக்க மாட்டேன். பார்த்துவிட்டு, இவளுக்கு எங்கிருந்து இந்தத் தைரியம் என்று தோன்றும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

ஒரு தடவை அவளுடைய காலை ஐந்து மணி முகத்துக்கு எங்கள் வேன் டிரைவரின் மச்சான் ஒரு காக்கா படம் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: மைன்ஸிலிருந்து நேராக வர்றீங்களா என்று. நெய்வேலியில் கருப்பாக இருப்பவர்கள் எல்லாரும் கேட்டுச் சலித்த நிலக்கரிக் கேலிதான் அது. நானாக இருந்தால் அழித்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்திருப்பேன். இவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே, போனைத் தூக்கி நிறுத்தி அவனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"தம்பி, காக்கா அனுப்பிச்சிருந்தீங்களே. இன்னா விஷயம்?"

"சும்மாக்கா. தமாசு."

"தமாசா? அப்ப வாயால சொல்லுங்க, நானும் சிரிக்கறேன். இங்க எட்டு பேர் இருக்கறாங்க, அவங்களும் சிரிப்பாங்க."

நாங்கள் எட்டுப் பேரும் பூவை மடியில் போட்டுவிட்டு அந்தச் சின்ன திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் அவனுடைய அம்மா, "யாருடா போன்ல?" என்று கேட்டார். "அம்மாவாண்ட குடுங்களேன், அவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள் இவள். டக்கென்று கட் ஆனது. அவள் விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்ட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அவன் எங்கள் தெருப் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

இனிமேல் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் மகள், வெளிநாட்டில் கருப்பின மக்கள் நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கிய வீடியோக்களாக எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் நடக்கிறார்கள், மண்டி போட்டு உட்காருகிறார்கள். பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. அதில் ஒன்றை எடுத்து, முஷ்டி மடக்கின கை படத்தோடு ஸ்டேட்டஸ் போட்டேன். அதற்கு அடுத்த ஸ்டேட்டஸாக, புதுப் புடவையில் நான். அந்தப் படத்தில் என் முகத்தை போன் நன்றாக வெளுத்துக் கொடுத்திருந்தது. நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழேதான்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அக்கா, ஸ்டேட்டஸ் பாத்தேன். அந்த ஊர்ல இன்னாக்கா நடக்குது?"

மகள் சொன்னதை நான் பெரிய மனுஷி போலச் சொன்னேன். "கருப்பா இருக்கறவங்கள போலீஸ் அடிக்குதாம், சாகடிக்குதாம். அதுக்குத்தான் இத்தனை ஜனங்க ரோட்டுக்கு வந்திருக்காங்க. வெள்ளைக்காரங்களும் கூட நடக்கறாங்க பாரு."

"கருப்புன்னு சொல்லி அடிக்கறாங்களா, சொல்லாம அடிக்கறாங்களா?"

"அதுல என்னடி இருக்கு? அடி அடிதானே?"

"இருக்குதுக்கா. சொன்னா திருப்பிக் கேக்கலாம். சொல்லலன்னா நம்பளே தேடிகினு கெடக்கணும், நம்பகிட்ட இன்னா தப்புன்னு. ராத்திரியெல்லாம் தேடணும்."

அவளுக்குத் தூக்கம் வராத ராத்திரிகளும் உண்டு என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"அப்பறம் அக்கா, அடுத்த போட்டோவுல இருக்கறது யாரு? உன் தங்கச்சியா?"

"நான்தாண்டி."

"ஓ" என்றாள். அந்த ஓவுக்கு அப்புறம் ஒரு வாரம் நான் என் படமே போடவில்லை.

ஆனால் அந்த வீடியோக்கள் அவளை ஏதோ செய்துவிட்டன. என் மகள் எனக்கு அனுப்புவதையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பாஷை தெரியாது, ஆனாலும் முகங்களைப் பார்ப்பாள். "அந்தப் பொம்பள நம்ப பெரிம்மா மாதிரியே நடக்குது" என்பாள். ஒரு நாள் சோப்புத்தூள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அடுப்புக்கரியால் எழுதி, மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள். அட்டையில் இரண்டே வார்த்தை: சொல்லிட்டு செய்ங்க. பின்னால் கொடியில் துணி, காலடியில் இரண்டு கோழி. ஊர்வலத்துக்கு அவள் ஒருத்திதான் ஆள். அடுத்த ஸ்டேட்டஸ் கருவாட்டுக் குழம்பு. நான் அந்த இரண்டையும் மாறி மாறி எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இவ்வளவு பார்த்தும், என் தொழிலில் நான் செய்துகொண்டிருந்தது என்ன? என்னிடம் இரண்டு விதமான புடவைகள் இருந்தன. வாசலில் நிற்கிறவர்களுக்கு ரோஸ், பின்கட்டுக்கு நீலம். யாருக்கு எது என்று ஒரு நாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆளைப் பார்த்ததும் கை தானாக எடுத்துக் கொடுத்துவிடும். கல்யாண வீட்டார் "கலரா, லட்சணமா பாத்து அனுப்புங்க" என்பார்கள். கலர் என்றால் வெறும் கலர் மட்டும் இல்லை. எந்தத் தெரு என்பதும் அதற்குள் இருக்கிறது. அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நாலு வருஷம் அனுப்பினேன்.

அவள் இதை என்னிடம் கேட்டதில்லை. "வாசல்ல நின்னு சிரிச்சிகினே இருக்க நம்பளால ஆவாது. பின்னாடின்னா பேச ஆளு இருக்குது" என்று ஒரு தடவை அவளே சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அப்படித்தான் ஒரு கல்யாணம் வந்தது. அதற்கு முந்தின வாரம் பெண்ணின் அம்மா போன் செய்தார். டவுன்ஷிப்பில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு. பெண் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். "வாசல்லயே லைவ் கேமரா வைக்கிறோம்மா. அவளோட ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்கிருந்து பாப்பாங்க. நிக்கற பொண்ணுங்க நல்ல கலரா இருக்கணும், சரியா?" சரிங்க மேடம் என்றேன். கொரோனாவுக்குப் பிறகு மண்டபங்கள் அப்போதுதான் உயிர் பெற்றிருந்தன. அந்த மண்டபத்தின் மேனேஜர் சொன்னால்தான் எங்கள் இருபது பேருக்கும் பாதி வேலை.

கல்யாணத்தன்று விடிந்ததும் வேனில் ஏறும்போது, வாசல் ஆட்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று சேதி. ஐந்து பேர்தான். அப்போது இவள் என் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரலிடுக்கெல்லாம் வெந்து வெடித்திருந்தது. ஓரிடத்தில் ரத்தம்.

"இன்னிக்கு தண்ணில கை வக்க முடியாதுக்கா. வாசல்ல ஆளு கொறையுது இல்ல? பன்னீர் செம்ப நான் புடிச்சிக்கறேன்."

"வேணாம்டி. நீ ஸ்டோர் ரூம்ல உக்காந்து வெத்தலை மடி."

"வாசல்ல ஆளு இல்லாதப்ப நான் ஸ்டோர் ரூம்ல இன்னாத்துக்கு?"

"அந்த மேடம் ஒரு மாதிரி."

"இன்னா மாதிரி?"

போன் அடிக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். போன் அடிக்கவே இல்லை.

மண்டபத்தில் சமையல்காரரிடம் பேசிவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது, காய்ச்சல்காரியின் ரோஸ் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் ஆறாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். என்ன அழகாகச் செய்கிறாள்! மற்றவர்கள் மூஞ்சியில் அடிப்பது போலப் பன்னீரை வீசுவார்கள். இவள் புறங்கையில் இரண்டு சொட்டு, "வாங்கய்யா, வாங்கம்மா" என்று ஒரு சிரிப்பு. ஒரு பெரியவர் இரண்டாம் தடவையும் கையை நீட்டினார். எதிரே முக்காலியில் லைவ் கேமரா, பக்கத்தில் அதை ஓட்டுகிற தம்பி. இருக்கட்டும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பெண்ணின் அம்மா கவனித்தார். பட்டுப்புடவை சரசரக்க நேரே என்னிடம் வந்தார்.

"என்னம்மா இது? நான் உங்ககிட்ட என்ன சொல்லியிருந்தேன்?"

மெல்லத்தான் சொன்னார். ஆனால் நாதஸ்வரக்காரர்கள் அப்போதுதான் வாத்தியத்தை வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு அமைதி விழுந்து நான் கேட்டதில்லை.

"இன்னா சொல்லியிருந்தீங்கம்மா?" என்றாள் இவள்.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போய் வேற வேலை பாரு."

"நான் செய்யறதுல எதனா தப்பு இருக்குதுங்களா? சொன்னீங்கன்னா திருத்திக்கறேன்."

"தப்பெல்லாம் இல்லம்மா."

"அப்ப எதுக்கு உள்ள போவணும்? வாயால சொல்லுங்கம்மா."

வந்துவிட்டது. அந்த அம்மா கேமராவைப் பார்த்தார். வாசற்படியில் கையை நீட்டியபடி நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்தார். மண்டப மேனேஜரும் வந்து நின்றுவிட்டார். "உங்க ஆள்தானே? நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் போட்டார் அந்த அம்மா.

அவள் என் பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள். பஸ்ஸில், போனில், எத்தனை இடத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்த காத்திருப்பு! அது எனக்கென்று வந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. மேனேஜர் வாட்சைப் பார்த்தார். இந்த மண்டபம் போனால் இருபது பேருக்கு என்ன பதில் சொல்வேன்? என் வாய் திறந்தது.

"நீ கருப்பா இருக்க. லைவ்ல நல்லா இருக்காது. அதான். போ."

அத்தனை வருஷத்தில் அவள் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொன்ன முதல் ஆள் நான்தான். அதுவும் கேமரா முன்னால்.

அவள் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. பன்னீர்ச் செம்பை இறுக்கிப் பிடித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரிக்கா. சொல்லிட்ட. நான் கருப்புதான். இப்ப அடுத்தது சொல்லு. கருப்பா இருக்கறதுக்கு நான் எதுக்கு உள்ள போவணும்?"

என்னிடம் அடுத்தது இல்லை. அந்த அம்மாவிடம் இல்லை. மேனேஜரிடமும் இல்லை. அதற்குள் எத்தனையோ காரணம் இருக்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தோண்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அவள் படியில் நின்ற குடும்பத்தின் பக்கம் திரும்பி, "வாங்கம்மா. டிபன் சூடா இருக்குது, மொதல்ல சாப்டுட்டு அப்பறமா உக்காருங்க" என்று பன்னீர் தெளித்தாள். அவர்கள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். பெண்ணின் அம்மா திரும்பிப் போய்விட்டார். என்ன பொம்பளை இவள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே உடம்பில் அவமானமும் இருந்தது.

அங்கே நிற்க முடியாமல் பின்கட்டுக்குப் போனேன். அங்கே மூன்று பேர்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாலாவது குழாயடியில் காபி டம்ளர்கள் குவிந்து கிடந்தன. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வருஷமாக அந்த வேலைக்கு ஆள் அனுப்புகிறேன், ஒரு நாள் கூட அந்தத் தண்ணீரில் கை வைத்ததில்லை. அரைமணி நேரத்தில் விரலெல்லாம் எரிய ஆரம்பித்தது.

மணப்பெண்ணின் அறைக்குக் காபி கொண்டுபோன எங்கள் பெண் ஓடி வந்தாள். "அக்கா, பொண்ணு அந்த லைவத்தான் போன்ல பாத்துகினு இருந்துச்சு. நீ சொன்னதக் கேட்டுடுச்சு" என்றாள். பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். முகத்துக்குப் பூசி முடித்துக் கழுத்துக்கும் கைக்கும் பூச வந்த மேக்கப்காரம்மாவிடம், "போதும், அதெல்லாம் வேணாம்" என்று மட்டும் சொன்னாளாம்.

போனைச் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துத் தாலி கட்டுவதை லைவில் பார்த்தேன். மாலைக்கு மேலே பெண்ணின் முகம் சந்தன நிறத்தில் இருந்தது. கும்பிட்ட கைகள் மருதாணியோடு நல்ல கருப்பு. இவளுடைய கைகளின் அதே கருப்பு. கேமரா அந்தக் கைகளுக்குக் கிட்டே போனது. இப்படி ஒரு மகளைப் பெற்று வைத்துக்கொண்டு அந்த அம்மா யாரை உள்ளே அனுப்பச் சொன்னார், நானும் யாரைப் போகச் சொன்னேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைக்கப் போய் சோப்பும் பட்டுவிட்டது.

கடைசிப் பந்தி முடிந்த பிறகு அவள் பின்கட்டுக்கு வந்தாள். ரோஸ் புடவை கசங்காமல் இருந்தது. நான் வாளியைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா இங்க உக்காந்துகினு கழுவற?"

"ஆள் இல்ல. அதான்."

"அது இல்ல. சொல்லு."

காத்திருந்தாள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

"வெக்கமா இருந்துச்சுடி. உன்ன அப்படிச் சொல்லிட்டு அங்க நிக்க முடியல. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு" என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது போல இருந்தது. அவள் என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் பிடிக்கவில்லை. "அத எல்லார் முன்னாடியும் சொன்ன. இத மட்டும் கொழாயாண்ட சொல்றியே" என்றாள். கோபமே இல்லாமல், சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

நான் எழுந்தேன். கையில் சோப்பு நுரையோடு அப்படியே வாசலுக்கு நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். கேமராத் தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் அங்கங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் தன் மேஜையில் இருந்தார். பெண்ணின் அம்மா முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அந்த லைவைக் கொஞ்சம் திரும்பப் போடுங்க."

"எல்லாம் சுத்திட்டேனேக்கா. எதுக்கு?"

"ஒண்ணு சொல்லணும். பிரிங்க."

தம்பி என் முகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே ஒயரைப் பிரித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வாசலில், காலையில் அவள் நின்ற இடத்தில் நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அம்மா காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலைல இந்த வாசல்ல ஒருத்தரை, கருப்பா இருக்க, உள்ள போன்னு சொன்னேன். சொன்னது நான்தான். அவங்க எங்கேயும் போக வேண்டியதில்ல. நான்தான்..."

குரல் எனக்கே கேட்கவில்லை. கேமராவுக்குப் பின்னால், புண்ணான கைகளைக் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"கேக்கலக்கா" என்றாள். "சத்தமா சொல்லு."